கூடிப்போன எண்ணெய்

எண்ணெய் குறைந்துவிட்டது என்று புலம்பிய வண்டிக்காரர்களை வஹீதுன்னிசா தம் வாழ்நாளில் போதுமான அளவு பார்த்திருந்தார். எண்ணெய் கூடிவிட்டது என்று குற்றஞ்சாட்டி, அதற்கொரு திருடனையும் தயாராக நிறுத்தி வைத்திருந்தவர் செங்கோட்டையன் ஒருவரே.

"துடைச்சிட்டு மறுபடி விட்டுப் பாரு, மோகன்," என்றார் வஹீதுன்னிசா.

மோகன்குமார் எண்ணெய் அளக்கும் டிப் ஸ்டிக்கைத் துணியால் துடைத்தான், எஞ்சினுக்குள் இறக்கினான், உருவி வெயிலில் பிடித்தான். தாண்டக் கூடாத மேல்கோட்டைத் தாண்டி, இரண்டு விரற்கடை உயரத்துக்குக் கறுப்பு எண்ணெய் ஏறியிருந்தது. அதை மூக்கருகே கொண்டுபோனவன் முகத்தைச் சுளித்தான்.

"டீசல் வாசமுங்கக்கா. எங்கப்பாரு ரிக் வண்டியில இந்த வாசம் வந்துச்சுன்னா, அன்னைக்கு எங்க ஊட்டுல நாய்க்குக்கூடச் சோறு எறங்காது."

திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டி வைத்திருந்த குடும்பத்துப் பிள்ளை அவன். டீசலைப் பற்றித் தனக்குத் தெரியாதது எதுவுமில்லை என்பது அவனது கொள்கை. அந்தக் கொள்கையோடு அவன் ஒரு எஞ்சினைக் கழற்றி மாட்டியதன் விளைவாகவே, அவனுடைய தந்தை அவனை ரிக் பக்கம் அண்டவிடாமல் சேலத்துக்கு அனுப்பிவைத்தார். அங்கே ஃபேர்லேண்ட்ஸில் ஒரு மாடி அறையில் வஹீதுன்னிசாவின் துப்பறியும் அலுவலகம் இருந்தது. வாகனக் காப்பீட்டு நிறுவனமொன்றில், விபத்துக் கோரிக்கைகளிலிருந்து பொய்யைப் பிரித்தெடுக்கும் வேலையை நெடுங்காலம் பார்த்துவிட்டு, அதே வேலையைச் சொந்தப் பெயர்ப்பலகையின் கீழ் தொடர்ந்துகொண்டிருந்தவர் அவர். பேச்சைக் குறைத்துக்கொண்டவருக்கு உதவியாளனாக வாய் ஓயாதவன் வாய்த்தது காலத்தின் ஏற்பாடு.

புதுச்சத்திரத்துக்கு மேற்கே, கோழிப் பண்ணைகளின் தகரக் கூரைகளுக்கு நடுவே இருந்தது செங்கோட்டையனின் வீடு. ஷெட்டின் வாசலில் கறுப்புக் கார், பல் மருத்துவரிடம் வந்தவரைப்போல் பானெட்டைத் திறந்தபடி நின்றது. அருகே வெள்ளை வேட்டியின் நுனியைக் கையில் பிடித்தபடி செங்கோட்டையன் நின்றார். முட்டைப் பண்ணை அவருடையது. ஒரு காலத்தில் லாரிகள் பல வைத்திருந்தார். அவற்றுள் ஒன்றையும் ஓட்டியறியார். ஆகவே வண்டிகளைப் பற்றிச் சற்றும் ஐயமின்றிப் பேசினார்.

"ரெண்டு லிட்டர் எஞ்சினுங்க. நாலு சிலிண்டரு, டர்போ. நூத்தி எழுவது குதிரை. வாங்கி ஒரு வருசம் ஆவுது. பண்ணைக்குப் போகும், வெள்ளிக்கெழமை கோயிலுக்குப் போகும். அவ்வளவுதான். டவுனுக்கு எடுத்துட்டுப் போனா எவனாச்சும் கீறிப்போடுவானுங்க."

"நூத்தி எழுவது குதிரையைக் கட்டிப்போட்டுத் தீனி போடறாருங்கக்கா," என்று மோகன்குமார் முணுமுணுத்தான்.

"என்ன சொன்னீங்க தம்பி?"

"வண்டி ராசியான வண்டிங்கன்னு சொன்னனுங்க."

வேப்பமரத்தடியில் நின்றிருந்த காத்தானை நோக்கிச் செங்கோட்டையன் கையை நீட்டினார். அந்த வீட்டின் டிரைவர் காத்தான். ஐம்பதைக் கடந்தவர், நெடிய உடம்பு, அதை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாதவரைப்போல் மரத்தில் பாதியைச் சாய்த்திருந்தார்.

"இவன்தானுங்க. டேங்க்குல டீசல் கொறையுது. எஞ்சின்ல எண்ணெய் ஏறுது. அங்கிருந்து எடுத்து இங்க ஊத்தறான்."

"திருடறவன் வித்துக் காசாக்குவானுங்க," என்றான் மோகன்குமார். "திருடுன பொருளை அதே வண்டியில, அரை அடி தள்ளி ஊத்தி வச்சிட்டுப் போற திருடனை நான் இன்னைக்குத்தான் பாக்கறேன்."

"பாதியை வித்துப்போட்டான். மீதியை எஞ்சினைக் கெடுக்க ஊத்தீட்டான். போன தீவாளிக்கு நான் எடுத்துக் குடுத்த வேட்டி நீளம் பத்தலையாம். மனசுல வச்சுக்கிட்டான்."

காத்தான் தம் கணுக்காலை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"இன்னைக்குச் சாயங்காலம் நாமக்கல்லுல லாரிக்காரங்க சங்கக் கூட்டமுங்க," என்று செங்கோட்டையன் தொடர்ந்தார். "செயலாளருக்குப் போனைப் போட்டு இவன் பேரைச் சொல்லிப்போடுவேன். அப்பறம் எவன் இவன் கையில வண்டியைக் குடுக்கறான்னு பாத்துக்கலாம்."

அந்த மிரட்டலின் எடை மோகன்குமாருக்கு நன்றாகவே தெரியும். நாமக்கல் சீமையில் ஒரு டிரைவர் குடிக்கலாம், பாலத்தில் இடிக்கலாம், முதலாளியின் மைத்துனனையே திட்டலாம். நாலு நாள் கழித்து மறுபடி கூப்பிடுவார்கள். டீசல் திருடன் என்று பெயர் எடுத்துவிட்டாலோ, தள்ளுவண்டியைக்கூட அவனை நம்பி ஒப்படைக்க மாட்டார்கள். ஸ்டியரிங்கைத் தவிர வேறெதையும் பிடித்தறியாத காத்தானின் கைகளுக்கு அன்று மாலைக்குப் பிறகு வேலையே இராது.

இந்த வேளையில் செங்கோட்டையனின் மனைவி சென்னியம்மாள் மோர் கொண்டுவந்தார். மஞ்சள் தேய்த்துக் குளித்த முகம், இளம்பிள்ளைத் தறியில் நெய்த சேலை, அளவெடுத்துப் பேசும் வாய். போலீசும் வேண்டாம், சங்கமும் வேண்டாம், முதலில் வெளியாள் ஒருவர் வந்து பார்க்கட்டும் என்று கணவரிடம் வற்புறுத்தி, வஹீதுன்னிசாவுக்குத் தொலைபேசியில் பேசியவர் அவர்தாம்.

"நல்லாப் பாத்துச் சொல்லுங்க சாமி," என்று மட்டும் சொல்லி டம்ளரை நீட்டினார்.

வஹீதுன்னிசா மோரைக் குடித்துவிட்டுக் காத்தானிடம் சென்றார்.

"நீங்க டீசல் எடுத்தீங்களா?"

"இல்லீங்க."

"எண்ணெயில ஊத்தினீங்களா?"

"அந்தப் பாவத்தை நான் ஏனுங்க பண்றேன்?"

"அப்ப, டேங்க்ல எப்படிக் குறையுது?"

காத்தான் வேப்பம்பழங்கள் சிதறிக் கிடந்த தரையைக் கூர்ந்து நோக்கினார். "வண்டி ஓடுனாக் கொறையுமுங்க," என்றார்.

"எங்க ஓடுது? பண்ணைக்கா? அங்க நடந்தே போயிரலாமே!" என்று பின்னாலிருந்து செங்கோட்டையன் கத்தினார்.

மரத்தடியிலிருந்து காருக்குத் திரும்பும்போது மோகன்குமார் தன் தீர்ப்பை வழங்கினான்.

"அக்கா, இது இன்ஜெக்டரு. டீசலைப் பீச்சுற மூக்கு ஒழுகுச்சுன்னா, ஒழுகுனது சிலிண்டரு வழியா எறங்கி எண்ணெயில கலந்துரும். கேஸ் முடிஞ்சுது. மத்தியானச் சாப்பாட்டுக்கு ராசிபுரம் போயிரலாம்."

"ஒழுகினா, வண்டி நிக்கும்போதே எஞ்சின் ஆடும். வெள்ளைப் புகை கக்கும். ஸ்டார்ட் பண்ணச் சொல்லு."

வண்டியை இயக்கும் அந்தப் பொறுப்பைச் செங்கோட்டையன் எவருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு இருக்கையில் ஏறி அமர்ந்தார், ஸ்டியரிங்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார், பொத்தானை அழுத்தினார். எஞ்சின் விழித்தது. ஆட்டமில்லை, புகையில்லை. மோகன்குமாரின் இன்ஜெக்டர் அத்தோடு ஒழிந்தது.

"ஓட்டத் தெரியாதுன்னீங்க, ஸ்டார்ட் பண்றது மட்டும் பழக்கமா இருக்கே?" என்று கேட்டார் வஹீதுன்னிசா.

"தெனமும் பண்றதுதானுங்களே! விடியறதுக்கு முன்னாடி நானே உக்காந்து ஸ்டார்ட் பண்ணி, அரை மணி நேரம் நின்ன எடத்துலயே உறும உட்டு, அப்பறந்தான் அமத்துவேன். மழையானாலும் உடமாட்டேன். டீசல் வண்டிக்கு அதுதானுங்க ஆயுசு. ராத்திரி கட்டுன சளி கரைஞ்சு போயிருமில்லீங்க?"

"ரொம்பச் சரிங்க," என்றான் மோகன்குமார். "எங்கப்பாரும் ரிக்கை அப்படித்தான் உறும உடுவாரு. தெருவே எந்திரிச்சுக்கும்."

வஹீதுன்னிசா இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். ஒரே நோயோடு வந்த இரண்டு நோயாளிகளை மருத்துவர் பார்க்கும் பார்வை அது.

"அது பழைய எஞ்சினுக்கு. உங்க ரிக்கு கரியை வானத்துல விட்டுட்டுப் போயிரும். இந்த வண்டியை அப்படி விடக் கூடாதுன்னு சட்டம். அதனால புகைக் குழாயில ஒரு வடிகட்டி வச்சிருக்கான். கரியெல்லாம் அதுல தங்கும். வண்டி நல்ல ரோட்டுல, ஒரே வேகத்துல கொஞ்ச நேரம் ஓடினா, அந்தச் சூட்டுல கரி எரிஞ்சு சாம்பலாயிரும். நின்ன இடத்துலயே உறுமினா?"

"எரியாது," என்றான் மோகன்குமார், குரல் இறங்கி.

"கரிதான் சேரும். வடிகட்டி அடைக்கும். எஞ்சினுக்குப் பயம் வரும். சூட்டை ஏத்தணும்னு சிலிண்டருக்குள்ள கூடுதலா டீசலைப் பீச்சும். பாதி வேலையில இவர் அமத்திடுவார். பீச்சின டீசல் எரியாம, சுவரோட வழிஞ்சு எண்ணெயில இறங்கும். மறுநாள் மறுபடி. அதுக்கு மறுநாள் மறுபடி."

செங்கோட்டையனின் முகம் மெல்ல மாறியது. "நீங்க சொல்றதைப் பாத்தா..."

"ஊத்தினது யாருமில்லைங்க. நீங்கதான். விடியறதுக்கு முன்னாடி, செருப்பைக் கழற்றி வச்சுட்டு, கண்ணுல ஒத்திக்கிட்டு."

மோகன்குமார் சிரிப்பை அடக்குவதற்காகப் பானெட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டான்.

ஆனால், லாரி முதலாளியாக இருந்தவர் அவ்வளவு இலகுவாக வீழ்ந்துவிடவில்லை. எழுந்து வெளியே வந்து, வேட்டியை மடித்துக் கட்டினார்.

"செரிங்க. எண்ணெயில ஏறுனது அதுவாகவே ஏறுனதுன்னே வச்சுக்கலாம். மிஞ்சிப்போனா ரெண்டு லிட்டரு. டேங்க்குல வாரா வாரம் பத்து மடங்கு கொறையுதே, அது எந்தச் சுவத்துல வழிஞ்சு எங்க எறங்குது?"

"அடைச்ச வடிகட்டியோட உறுமற எஞ்சின் நிறையத் திங்கும்."

"அடைச்சிருக்குதுங்கறதுக்கு என்ன சாட்சி?"

"உங்க டேஷ்போர்டே சாட்சி. வடிகட்டி அடைச்சா அங்க ஒரு மஞ்சள் விளக்கு எரியும்."

வேக முள்ளுக்குக் கீழே, விளக்குகளும் கிலோமீட்டர் எண்ணும் தெரிய வேண்டிய இடத்தில், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வேல் ஸ்டிக்கர் ஒட்டப்பட்டிருந்தது. மூவரும் அதைப் பார்த்தார்கள்.

"வாங்குன புதுசுல அங்க ஒரு மஞ்ச வெளக்கு எரிஞ்சுதுங்க," என்று செங்கோட்டையன் ஒப்புக்கொண்டார். "கண்ணை உறுத்துச்சு. இந்தக் காத்தான், பைபாஸ்ல ஒரு ஓட்டு ஓட்டியாந்தா அமந்துரும்னான். வெளக்கு எரிஞ்சா வண்டியை ஊரு சுத்த உடறதா? முருகன் பாத்துக்குவான்னு வேலை ஒட்டி வச்சுட்டேன்."

"அந்த விளக்கு இப்பவும் எரிஞ்சுகிட்டுத்தான் இருக்கும். ஒரு வருஷமா இப்படி உறுமவிட்ட வண்டியில அது அணையவே அணையாது. அது எரிஞ்சா காத்தான் பேர்ல குத்தமில்லைன்னு ஒத்துக்கறீங்களா?"

"எரியலீன்னா?"

"எரியும்," என்றார் வஹீதுன்னிசா. தம் வாழ்நாளில் இத்தகைய உறுதியை அவர் அரிதாகவே வெளிப்படுத்துவார் என்பதால், மோகன்குமாருக்குச் சற்றுக் கலக்கமாகவே இருந்தது.

ஸ்டிக்கரை நோக்கி நீண்ட தம் கையை அவர் பாதியில் நிறுத்திக்கொண்டார். "உங்க சாமி. நீங்களே எடுத்துடுங்கம்மா," என்றார், ஷெட் வாசலில் நின்ற சென்னியம்மாளிடம்.

சென்னியம்மாள் தயங்கினார். காத்தான் முதன்முறையாக மரத்தடியை விட்டு ஓரடி முன்னால் வந்தார். பிறகு அந்த அம்மாள் சேலையை ஒதுக்கிக்கொண்டு காருக்குள் குனிந்தார். கட்டைவிரல் நகத்தால் வேலின் ஒரு மூலையை நெம்பினார். ஓராண்டு வெயிலில் காய்ந்த ஸ்டிக்கர் கிழிந்து வரும் என்று மோகன்குமார் எதிர்பார்த்தான். அது நெற்றிப் பொட்டைப்போல் முழுதாக வந்தது. அதை அவர் தரையில் போடவில்லை. முன்கண்ணாடிக்கு நடுவே தொங்கிய, பின்னால் பார்க்கும் கண்ணாடியின் மூலையில் ஒட்டிவிட்டு விலகிக்கொண்டார்.

செங்கோட்டையன் எஞ்சினை ஒருமுறை அமர்த்தி, மீண்டும் பொத்தானை அழுத்தினார். டேஷ்போர்டில் சிவப்பும் மஞ்சளுமாக விளக்குகள் அத்தனையும் எரிந்தன.

"எரியுதுங்கக்கா!" என்று மோகன்குமார் துள்ளினான்.

எஞ்சின் பிடித்துக்கொண்டது. விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன. மஞ்சள் விளக்கும் மற்றவற்றோடு நல்ல பிள்ளையாக அணைந்துபோயிற்று. அந்த இடத்தில் வெளிச்சமாகத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான்: வண்டி அதுவரை ஓடிய கிலோமீட்டர் கணக்கு. எட்டாயிரத்துச் சொச்சம்.

பண்ணையில் ஆயிரக்கணக்கான கோழிகள் மட்டும் தங்களுக்குள் ஏதோ விவாதித்துக்கொண்டிருந்தன.

"எட்டாயிரமா?" செங்கோட்டையன் தலையைப் பின்னால் இழுத்து எண்ணை மறுபடி பார்த்தார். "பண்ணைக்கும் கோயிலுக்கும் போனா ரெண்டாயிரங்கூட ஆகியிருக்காதே! அப்படீன்னா..." அவர் காத்தானின் பக்கம் திரும்பினார். "என் வண்டியை வாடகைக்கு உட்டிருக்கறயாடா நீ? நான் பொதங்கெழமை முட்டை வெலைக் கூட்டத்துக்குப் பங்காளி வண்டியில ஒண்டிக்கிட்டுப் போறேன். நீ என் வண்டியில எவனையோ ஏத்திக்கிட்டு ஊரு சுத்தறயா?"

காத்தான் மீண்டும் மரத்தடிக்கே போனார்.

"சாவியைத் தலகாணிக்கு அடியில வச்சுத்தானே படுக்கறேன்! எப்படிடா எடுத்தே?"

செங்கோட்டையன் தொலைபேசியைத் தேடிக்கொண்டு, விடுவிடுவென்று வீட்டுக்குள் நடந்தார். சென்னியம்மாள் காலி டம்ளர்களை எடுத்துக்கொண்டு கொல்லைப்புறம் சென்றார்.

"அக்கா," என்றான் மோகன்குமார் தணிந்த குரலில், "நாம வரும்போது அந்தாளு மேல ஒரு குத்தந்தான் இருந்துச்சு. நாம காப்பாத்துனதுல ரெண்டாயிருச்சு. இன்னும் கொஞ்சம் காப்பாத்துனோம்னா தூக்குலயே போட்டுருவாங்க."

வஹீதுன்னிசா எஞ்சினை அமர்த்திவிட்டு, டிரைவர் இருக்கையில் ஏறி உட்கார்ந்தார்.

"விளக்கு அணைஞ்சிருக்குன்னா என்ன அர்த்தம்?"

"பல்பு நல்லாத்தான் இருக்குது. அதனால, வண்டி பைபாஸ்ல நல்லாச் சூடேறி ஓடியிருக்குது. கரி எரிஞ்சிருக்குது."

"ஒருதரம் இல்லை. தினமும் இவர் அடைக்கறார். யாரோ வாரா வாரம் எரிச்சு விடறாங்க. வாடகைக்கு ஓட்டறவன் இந்த வண்டிக்கு வைத்தியம் பார்க்க மாட்டான். இங்க பாரு."

அவர் காட்டியது வேல் ஒட்டியிருந்த கண்ணாடியின் மூலையை. மோகன்குமார் எட்டிப் பார்த்தான். ஸ்டிக்கருக்கு அடியிலும் அதைச் சுற்றியும், பழைய பிசின் தடங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்திருந்தன.

"அந்த அம்மா இப்ப ஒட்டினது முதல் தடவை இல்லை," என்றார் வஹீதுன்னிசா. "குளிக்கப் போகும்போது பொட்டை எடுத்துக் கண்ணாடியில ஒட்டறதும், வந்ததும் எடுத்து நெத்தியில வைக்கறதும் யாரோட பழக்கம்? காத்தானோட பழக்கமா?"

மோகன்குமார் பிசின் தடத்தை நகத்தால் சுரண்டிப் பார்த்தான்.

"ஸ்டியரிங்கைப் பாரு."

வெளிர் சாம்பல் நிறத் தோலுறையில், இடப்புறம் ஒன்றும் வலப்புறம் ஒன்றுமாக, மங்கலான மஞ்சள் கறைகள் இருந்தன.

"ஆயுத பூசைக்கு வச்ச மஞ்சளா இருக்குமுங்க."

"பூசைக்கு வச்சா நடுவுல வைப்பாங்க. மேல குங்குமம் இருக்கும். இது ரெண்டு பக்கமும், விரல் சுத்திப் பிடிக்கிற இடத்துல இருக்கு. கடிகாரத்துல பத்தும் ரெண்டும் இருக்கிற இடம்."

மோகன்குமார் தன் கைகளைக் காற்றில் அவ்வாறே வைத்துப் பார்த்தான். அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"அக்கா! நாமக்கல் மாவட்டத்துல ரெண்டு கையாலயும் ஸ்டியரிங்கைப் புடிக்கிறவன் லைசென்ஸ் வாங்கப் போறவன் மட்டுந்தானுங்க. காத்தானாட்ட ஆளு ஒத்தை விரல்ல ஓட்டுவாரு. மறு கை கதவுக்கு வெளிய காத்து வாங்கும். இது புதுசாக் கத்துக்கிட்ட கை. அதுவும் மஞ்சத் தேச்சுக் குளிக்கிற கை!"

கொல்லைப்புறக் குழாயடியில் சென்னியம்மாள் டம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தார். கழுவிய டம்ளர்களையே மீண்டும் கழுவிக்கொண்டிருந்ததை மோகன்குமார் கவனித்தான். எண்ணெய்க் கையைக் கழுவும் சாக்கில் அவன் பக்கத்தில் குந்தினான். வஹீதுன்னிசா நின்றபடியே பேசினார்.

"எவ்வளவு நாளா ஓட்டறீங்கம்மா?"

சென்னியம்மாள் குழாயை மூடினார். மறுப்பதற்கான முயற்சி எதையும் அவர் மேற்கொள்ளவில்லை.

"தையிலிருந்துங்க. வெளக்கு எரியுது, வண்டி கெட்டுப்போகும்னு காத்தான் தலையால தண்ணி குடிச்சாரு. இவரு கேக்கறாரா? நாப்பது லச்சமுங்க, சும்மாவா? 'நீங்களே ஒரு ஓட்டு ஓட்டியாந்துருங்க, காத்தான்'னேன். 'அவரு கண்டா என்னைத் திருடன்னு சொல்லுவாரு, நீங்களும் வாங்க'ன்னாரு. செரின்னு பின்னாடி உக்காந்து போனேன். போற வழியில..." அவர் நிறுத்தினார்.

"முன்னாடி வந்துட்டீங்க," என்றான் மோகன்குமார்.

"கல்யாணமான நாள்லயிருந்து பின்னாடியே உக்காந்து ரோட்டைப் பாத்துட்டு இருந்தனுங்க தம்பி. முன்னாடி உக்காந்து பாத்தா ரோடே வேற." அவர் சேலைத் தலைப்பால் கையைத் துடைத்துக்கொண்டார். "லைசென்சும் எடுத்துப்போட்டேன். பீரோவுல, பட்டுச் சேலைக்கு அடியில இருக்குது. இன்னொரு சாவி பூசை ரூமுல. பொதங்கெழமை அவரு கூட்டத்துக்குப் போனதும் கெளம்பி, வாரத்துக்கு ஒருக்கா கரியை எரிச்சிட்டு வந்துருவேன்."

"டோல்கேட்டுல பணம் புடிச்சா அவரு போனுக்கு மெசேஜ் வந்திருக்குமேங்க?"

"டோல்கேட்டு வரதுக்கு முன்னாடியே திரும்பிக்குவனுங்க. அத்தனை ரோடும் எனக்குத் தெரியும்."

மோகன்குமார் அவரை மரியாதையோடு பார்த்தான். தன் அலுவலகத்தில் ஓர் இடம் காலியானால், அதற்குத் தகுதியானவர் யார் என்பதில் இனி அவனுக்கு ஐயமில்லை. அந்த இடம் தன்னுடையதாக இருக்கக்கூடும் என்பதுதான் சற்று உறுத்தியது.

"காத்தான் உங்ககிட்டச் சத்தியம் பண்ணியிருக்காரா?" என்று கேட்டார் வஹீதுன்னிசா.

"சொல்ல மாட்டேன்னாரு. சொல்லலியே பாருங்க, பாவி மனுசன். நானும் உங்களைக் கூப்புட்டது, நீங்க எஞ்சின்ல ஏதோ கோளாறுன்னு சொல்லி ரெண்டு பேரையும் காப்பாத்தீருவீங்கன்னுதான். எண்ணெய்க்குச் சொன்னீங்களே, அதே மாதிரி டீசலுக்கும் ஏதாச்சும் சொல்லிப்போடுங்க சாமி. ஆவியாப் போயிருச்சுன்னு சொல்லுங்க."

"பொய் சொல்றதை நான் கண்டுபிடிக்கறவ. சொல்றவ இல்லை."

"இவரு ஒருக்காத் தெரிஞ்சுக்கிட்டாருன்னா, அந்தச் சாவியை அப்பறம் நான் கண்ணுல பாக்க முடியாதுங்க."

"உங்க பேரை நான் அவர்கிட்டச் சொல்லப் போறதில்லைம்மா. அது என் வேலையும் இல்லை. ஆனா இன்னொரு பேரை அவர் இப்பச் சங்கத்துக்குச் சொல்லப் போறார்." வஹீதுன்னிசா திரும்பி நடந்தார். இரண்டடி சென்றபின் நின்றார். "எண்ணெயை இன்னைக்கே மாத்தணும். டீசல் கலந்த எண்ணெய் தண்ணி மாதிரி; எஞ்சினைத் தின்னுடும். ஒர்க்‌ஷாப் வரைக்கும் மெதுவாத்தான் ஓட்டணும். யார் ஓட்டினாலும்."

முன்வாசலில் செங்கோட்டையன் தொலைபேசியைக் கை எட்டிய தூரத்துக்கு நீட்டிப் பிடித்து, ஒலிபெருக்கியில் பேசிக்கொண்டிருந்தார். கண்ணாடி இல்லாமல் எண்ணைத் தேடிப் பிடிக்க அவருக்கு இவ்வளவு நேரமாகியிருந்தது. காத்தான் தம் செருப்பை மாட்டிக்கொண்டு, கேட்டை நோக்கி மெல்ல நடக்கத் தொடங்கியிருந்தார்.

"ஆமாங்க செயலாளரே, டீசல் கேசு. சாதாரணத் திருடன் இல்லீங்க. வருசம் பூராத் திருடியிருக்கறான். எட்டாயிரம் கிலோமீட்டரு!"

"அட! பேரைச் சொல்லுங்க, மைக்குலயே அறிவிச்சிரலாம்," என்றது தொலைபேசி.

ஷெட் பக்கம் பானெட்டைச் சாத்தும் சத்தம் கேட்டது; எஞ்சின் உயிர்பெற்றது.

"ஓடறான், ஓடறான்! வண்டியை எடுத்துட்டு ஓடறான்!" என்று செங்கோட்டையன் அலறினார். பிறகு, கேட்டருகே திகைத்து நின்ற காத்தானைக் கண்டு அவரும் திகைத்தார்.

கறுப்புக் கார் பின்னோக்கி வெளியே வந்தது. ஒரு பக்கம் முட்டைத் தட்டுகளை அடுக்கிய வேன்; மறுபக்கம் முருங்கை மரம்; நடுவே காரைவிட ஒரு முழமே அகலமான வழி. மோகன்குமார் கண்ணை மூடிக்கொண்டான். அவன் கண்ணைத் திறந்தபோது, வண்டி இரண்டையும் தொடாமல் வளைந்து, ஒரே மூச்சில் நேராகி, செங்கோட்டையனின் பக்கத்தில் வந்து நின்றிருந்தது. கண்ணாடி இறங்கியது. ஸ்டியரிங்கின் இரு பக்கமும் இரண்டு கைகள், பாடப் புத்தகத்தில் வரைந்த படம்போல் இருந்தன.

செங்கோட்டையன் மனைவியைப் பார்த்தார், வேனைப் பார்த்தார், முருங்கை மரத்தைப் பார்த்தார். அவர் கற்ற தமிழில் அந்த நிலைமைக்குரிய சொல் எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை.

"ஏ புள்ள..." என்றார்.

"ஆயில் மாத்தப் போறனுங்க," என்றார் சென்னியம்மாள். "ஏறுனா ஏறுங்க. இல்லீனா நவுந்துக்குங்க, காலு மேல ஏறிப்போடும்."

"ஹலோ, ஹலோ!" என்று தொலைபேசி இரைந்தது. "லைன்ல இருக்கறீங்களா? திருடன் பேரைச் சொல்லுங்க, எழுதிக்கறேன்."

"சொல்லுங்க," என்றார் சென்னியம்மாள், கணவரின் கையிலிருந்த தொலைபேசியை நோக்கிச் சற்றே குனிந்து. "சென்னியம்மாள்னு எழுதிக்கச் சொல்லுங்க. இனிஷியல் உங்க பேருதானுங்க."

செங்கோட்டையன் தொலைபேசியை அணைத்தார். கேட்டருகே நின்ற காத்தான் திரும்பி வந்து, அத்தனை ஆண்டுப் பழக்கத்தில் முதலாளிக்காகப் பின்கதவைத் திறந்தார். ஒரு கணம் யோசித்தார். அதைச் சாத்திவிட்டு முன்கதவைத் திறந்துவிட்டார்.

"பெல்ட்டைப் போட்டுக்குங்க," என்றார் காத்தான். "அம்மா பெல்ட்டு இல்லாம யாரையும் ஏத்த மாட்டாங்க."